சுவா வரைக்கும்தான்

சவுசவு துறையில் கப்பல் வந்து ஒட்டியபோது என் மடியில் ஒரு கம்பளிக் கோட்டு இருந்தது. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் கழுத்தெல்லாம் வியர்வை. முழங்கால் வரை நீளும், உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த, சாம்பல் நிறக் கோட்டு. பெட்டிக்குள் அடங்க மறுத்ததால் ஃபிஜியின் தலைநகர் சுவாவிலிருந்து வழியெல்லாம் அதைக் கைக்குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த ஃபிஜியப் பெண்மணி அதைத் தடவிப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தன் மொழியில் ஏதோ சொன்னாள். "யாருக்கோ குளிர்க் காய்ச்சல் போலிருக்கிறது என்கிறாள்" என்று எதிரே இருந்தவர் ஆங்கிலத்தில் விளக்கினார்.

நானும் என் கணவரும் ஃபிஜிக்குப் போனது மகனைப் பார்க்க. இரண்டாயிரத்தில் அங்கே துப்பாக்கியோடு நாடாளுமன்றத்துக்குள் புகுந்து ஆட்சியைக் கவிழ்த்தார்கள். நாங்கள் போனது அதற்கு அடுத்த வருடம், ஐப்பசியில். விருதுநகரில் ஐப்பசி என்றால் அடைமழை. அங்கே அதுதான் வசந்தம். மாமரமெல்லாம் பூவும் பிஞ்சுமாக இருந்தது. சுவாவில் எரிந்த கடைகள் சிலவற்றுக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். வெளிநாடு போக வழியிருந்த இந்தியர்கள் எல்லாம் போய்க்கொண்டிருந்தார்கள். போனவர்களின் நாற்காலியில் உட்கார ஆள் வேண்டியிருந்தது. அப்படி ஒரு கணக்காளர் நாற்காலிதான் என் மகனுக்குக் கிடைத்தது. அதில் அவனுக்கு முன் இருந்தவள் மெர்சி. இப்போது கனடாவில் இருக்கிறாள். அவள் தன் அம்மாவுக்கு அனுப்பிய கோட்டுதான் என் மடியில் இருந்தது.

"எனக்கு லீவு கிடையாது. நீங்க ரெண்டு பேரும் கொண்டுபோய்க் கொடுத்துட்டு, பத்து நாள் அங்கேயே இருந்துட்டு வாங்க. அவங்க அப்பா அம்மா தமிழ் பேசுவாங்க" என்று மகன் கப்பலேற்றி விட்டான்.

துறையில் மெர்சியின் அப்பாவும் அம்மாவும் கோயிலுக்குப் போகிறவர்கள் மாதிரி உடுத்திக்கொண்டு நின்றார்கள். அன்னம்மா அக்கா பூப்போட்ட கவுனில். சூசை அங்கே எல்லோரும் கட்டுகிற சுலுவில். சுலு என்பது வேட்டி மாதிரிதான். ஆனால் தைத்தது, இடுப்பில் பொத்தான், பக்கத்தில் பை. என் கணவரின் கண் அந்தப் பையிலேயே நின்றது. முப்பது வருடம் பஸ் கம்பெனிப் பணிமனையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திருப்புளிக்கு இடம் தேடியவர் அவர்.

"வாங்க பையா, வாங்க வாங்க" என்று சூசை அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அறுபத்தி மூணு வயசுல என்னப் பையாங்கிறாரு" என்று என் காதில் முணுமுணுத்தார் என் கணவர். அன்னம்மாவுக்குக் கேட்டுவிட்டது. "பையான்னா அண்ணன் பையா. இந்துஸ்தானி. இங்க எங்க தமிழ்ல அல்லாம் வந்து ஒட்டிக்கினு கீது" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே நாங்கள் உறவாகிவிட்டோம். நான் அவளை அக்கா என்றேன். அவள் என்னைத் தங்கச்சி என்றாள்.

வீடு மேட்டின் மேல் இருந்தது. தகரக் கூரை, மரச்சுவர், நாலு அறை. சன்னலைத் திறந்தால் கீழே ஒரே தெருவாக ஊர், அதன் ஓரம் முழுக்க அசையாத கடல், அதில் வெள்ளைக்காரர்களின் பாய்மரப் படகுகள். கரையோரம் அங்கங்கே தரையிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. நெருப்பு என்று பதறினேன். "அது வெந்நீரு தங்கச்சி. பூமிக்குள்ளேந்து வருது. நாளைக்குக் காட்டறேன்" என்றாள்.

எலுமிச்சை இலை போட்ட தேநீர், ரொட்டி, டின் மீன் குழம்பு, அவித்த மரவள்ளிக் கிழங்கு. சாப்பிட்டு முடித்த பிறகு நான் கோட்டை எடுத்து அக்காவிடம் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை.

"ஒண்ணுதானா?" என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை. சூசைதான் எழுந்து வந்து கோட்டை வாங்கி, உதறி, கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார். "ஒண்ணுதான் மெர்சி அம்மா. எனக்கு எதுக்கு? நான் எங்க போறேன்?" என்றார்.

பாத்திரம் கழுவும்போது அக்கா விஷயத்தைச் சொன்னாள். மூன்று பிள்ளைகள். ஒருவன் பிரிஸ்பேனில், ஒருவன் ஆக்லாந்தில், மெர்சி வான்கூவரில். மெர்சிக்குக் கல்யாணமாகி வெகு நாள் கழித்து இப்போதுதான் வயிற்றில் தங்கியிருக்கிறது. அப்பா அம்மா இருவரையும் அழைத்துக்கொள்ள மனுப் போட்டாள். உடல் சோதனையில் சூசையின் நெஞ்சுப் படத்தில் பழைய தழும்பு தெரிந்தது. இளவயதில் கொப்பரை ஆலையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் காசம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர். ஆறிப்போன புண்தான். ஆனாலும் இன்னும் சோதனை, இன்னும் காத்திருங்கள் என்று அவர் காகிதம் நின்றுவிட்டது. அக்காவின் காகிதம் மட்டும் வந்துவிட்டது. மாதக் கடைசியில் விமானம்.

"போறதா இல்லியான்னு நான் இன்னும் சொல்லல. அவுருதான் போ போன்னு நிக்கிறாரு" என்றாள்.

*

மறுநாள் காலையில் அடுப்படியில் தட்டுமுட்டுச் சத்தம் கேட்டு எழுந்து போனேன். சூசை ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்தார். முகத்தில், மீசையில், பலகைக்கு வெளியே எங்கும் மாவு. கல்லில் கிடந்த ரொட்டிக்கு வடிவம் என்று ஒன்று இல்லை. "கத்துக்கிறேன் மா. அவ பாத்துட்டுப் போவட்டும், புருசன் பட்டினி கெடக்க மாட்டான்னு" என்றார். பின்கட்டில் அவர் சட்டைகளும் துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தன. அதுவும் அவரே செய்ததுதான். அக்கா வந்து பார்த்தாள். ஒரு ரொட்டியை எடுத்துத் தின்றாள். சட்டையைக் கொடியில் திருப்பிப் போட்டாள்.

பகலில் வெந்நீர் ஊற்றுக்குப் போனோம். ஊரின் பின்பக்கம், பள்ளிக்கூட மைதானத்தை ஒட்டிக் கல்லுக்கு நடுவே நீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஃபிஜியப் பெண்கள் பானைகளை மூட்டையாகக் கட்டி அதற்குள் இறக்கி, மேலே சாக்கைப் போட்டு மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். சந்தைக்குப் போய், பேசி, சிரித்துத் திரும்பி வந்தால் கிழங்கு வெந்திருக்கிறது. அடுப்பு இல்லை, விறகு இல்லை, ஊத வேண்டியதில்லை. எங்கள் ஊரில் தண்ணீருக்கே வரிசையில் நின்ற எனக்கு, பூமி இப்படி வெந்நீரும் வைத்துக் கொடுக்கிற ஊரைப் பார்த்துப் பொறாமையாகக்கூட இல்லை. கனவு போலத்தான் இருந்தது.

அக்காவின் பானையில் தலோ. நம் சேப்பங்கிழங்கின் அண்ணன். பானைகளுக்குக் காவல் மாதிரி உட்கார்ந்திருந்த மெரே என்ற பெருத்த பெண்மணி சூசையையும் அக்காவையும் பார்த்து என்னவோ சொல்ல, சுற்றி இருந்தவர்கள் எல்லாம் கையைத் தட்டிச் சிரித்தார்கள்.

"என்னக்கா சொல்றாங்க?"

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. "தெனமும் ஜோடியா எங்கேயாச்சும் போறோம் இல்ல? கெழவனுக்கும் கெழவிக்கும் இந்த வருசந்தான் கல்யாணமான்னு கேக்கறா."

உண்மைதான். அவர் ஆலையில், அவள் கன்னிமாடத்துப் பள்ளிச் சமையலில் என்று வாழ்க்கை போய்விட்டது. சேர்ந்து எங்கும் போனதில்லையாம். இப்போது விசா வந்த நாளிலிருந்து சூசை அவளை எங்காவது கூட்டிக்கொண்டு போகிறார். ஒரு நாள் துறைக்கு, ஒரு நாள் சந்தைக்கு, ஒரு நாள் சும்மா பாலம் வரைக்கும். அன்று சாக்கின் மேல் உட்கார்ந்து, ஆவிக்கு நடுவே, இருவரும் ஒரே இளநீரை மாற்றி மாற்றிக் குடித்தார்கள். என் கணவர் என்னைப் பார்த்தார். திருச்செந்தூரைத் தவிர அவர் என்னை எங்கும் கூட்டிப்போனதில்லை. அதுவும் மொட்டை போட. எனக்கும் ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்தார்.

*

இன்னொரு நாள் கடலோரமாகக் கிழக்கே போகிற பஸ்ஸில் ஏறினோம். அந்த ஊர் பஸ்ஸுக்குச் சன்னல் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் இறக்கிவிட ஒரு தார்ப்பாய் சுருட்டிக் கட்டியிருக்கிறது. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகிறது. மாம்பூ வாசமும் கூடவே. பாட்டு உரக்கப் போட்டிருந்தார்கள். பாதி வழியில், ஒரு மேட்டில், பஸ் இருமிக்கொண்டு நின்றது.

என் கணவர் இதற்காகவே பிறந்தவர் போல எழுந்தார். சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு முன்மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டார். பம்ப் என்றார், பெல்ட் என்றார். ஓட்டுநர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகக் கேட்டார். எல்லாம் கேட்டு முடித்த பிறகு இந்துஸ்தானியில் மெதுவாக ஏதோ சொன்னார். சூசை அதைத் தமிழில் சொல்ல முடியாமல் கொஞ்ச நேரம் தவித்தார். "பையா... டீசல் தீந்து பூட்ச்சாம்."

பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் அது முன்பே தெரிந்திருந்தது. யாரும் கோபப்படவில்லை. எங்கள் பக்கமாக இருந்தால் இந்நேரம் மறியல் நடந்திருக்கும். இவர்கள் ஒரு ஈரப்பலா மரத்தடியில் இறங்கி உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். எங்களுக்கும் ஆளுக்கு ஒரு துண்டு மீன் வந்தது. ஓட்டுநர் டீசலுக்கு ஆள் அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டார்.

கொப்பரை மூட்டை ஏற்றிய லாரி ஒன்று வந்தது. அதன் முன்னிருக்கையில் இருந்தவர் சூசையை அடையாளம் தெரிந்து நிறுத்தினார். நாலு பேரும் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்தோம். அந்த வாசனை! கண்ணை மூடினால் விருதுநகர் எண்ணெய்க் கடைத் தெரு. திறந்தால் தென்னந்தோப்பு, தோப்பு விட்டு விட்டு, நடுவில் கடல்.

"நாப்பது வருசம் இந்த மூட்டய ஏத்தினேன் எறக்கினேன். மேல குந்திக்கினு போறது இன்னிக்கித்தான்" என்றார் சூசை.

அக்கா அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஒரு மூட்டை முடிச்சு அவர் முதுகில் குத்திக்கொண்டிருந்தது, பார்த்தாலே தெரிந்தது. அவர் அசையவே இல்லை. லாரி ஊர்ந்துகொண்டு போனது. இப்படியே போய்க்கொண்டிருந்தால் போதும் என்று எனக்கே தோன்றியது.

கடற்கரையில் ஆண்கள் தோப்புப் பக்கம் நடந்தார்கள். நானும் அக்காவும் கணுக்கால் தண்ணீரில் நின்றோம். நீர் அத்தனை தெளிவு. கால் விரலைச் சுற்றி மீன் குஞ்சுகள் நீல நூல் மாதிரி ஓடின.

"ரொட்டி சுடறாரு. துணி தோய்க்கிறாரு. பாத்தியா தங்கச்சி? நான் இல்லாமெ இருக்கப் படிச்சிக்கிறாரு" என்றாள் அக்கா. "அவ்ளோ சுளுவா நான்?"

நான் பதில் சொல்வதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். திரும்பும்போது என் கணவர் என்னிடம் தனியாகச் சொன்னார்: "அந்த மனுஷன் ராத்திரியெல்லாம் தூங்குறதில்லையாம். இவ ஒரு கவலையும் இல்லாம விமானம் ஏறணும்னுதான் சமையல் கத்துக்கிறாராம்."

தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். டிரங்க் கால் காலத்தில் இரண்டு ஊர் ஆட்களைக் கம்பியால் சேர்த்துவைப்பதுதான் என் பிழைப்பு. சேர்த்ததும் நாங்கள் லைனை விட்டு விலகிவிட வேண்டும். நடுவில் பேசக் கூடாது. அன்று இரண்டு முனையும் என் கையில் இருந்தன. சொல்லிவிடலாமா என்று பலமுறை வாய் வரை வந்தது. புருஷன் பெண்டாட்டி நடுவில் நாம் பேசினால் அது நம் பேச்சாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

*

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனோம். நாங்கள் கும்பிடுகிற சாமி வேறு. ஆனால் அக்கா கூப்பிட்டால் எப்படிப் போகாமல் இருப்பது? கோயிலில் பாதி பெஞ்சு காலி. அக்கா பூசை தொடங்குமுன் என் காதருகே ஒவ்வொன்றாகக் காட்டினாள். "இது லூர்து வூட்டுக்காரங்க பெஞ்சி. மெல்போர்ன். அது அந்தோணி வூடு. ஆக்லாந்து. அந்தக் கடேசி எங்க சம்பந்தி வூடு. பெரிய கலாட்டா நடந்த மூணாம் மாசமே போயிட்டாங்க." பெஞ்சுகளுக்கு ஊர்ப் பெயர் வந்துவிட்டது. எங்கள் பெஞ்சில் நாங்கள் நாலு பேர். முன்னால் ஃபிஜியர்கள் பாடினார்கள். இசைக் கருவி ஒன்றும் இல்லை; ஆண்கள் அடிக்குரலில், பெண்கள் மேலே. கூரைத் தகடு அதிர்ந்தது. எனக்கு ஒரு சொல் புரியவில்லை, கண் மட்டும் நிறைந்தது.

வெளியே வந்ததும் மெரே ஓடிவந்து அக்காவை இறுக்கிக் கட்டிக்கொண்டு "இசா, இசா" என்றாள். நம் "அடடா" மாதிரி ஒரு சொல். பிரிவுக்கும் இரக்கத்துக்கும் அவர்கள் சொல்வது. அக்கா அவள் தோளுக்கு மேலாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு ஏறுகிற பாதையில் என்னைப் பின்னுக்கு இழுத்து, "நான் போவல தங்கச்சி. நாளைக்கி மெர்சிக்கு டெலிபோன்ல சொல்லிப்புடலாம். எனக்குத் தைரியம் பத்தல, நீ கூட நில்லு" என்றாள்.

திங்கட்கிழமை தபால் நிலையத்து வாசலில் இருக்கிற தொலைபேசிக் கூண்டுக்குப் போனோம். எதிரே புளிய மரத்தடி பெஞ்சில் சூசையும் என் கணவரும். "அங்க இப்போ இன்னும் ஞாயித்துக்கெழமதான்" என்றாள் அக்கா எண்ணை அழுத்திக்கொண்டே. தேதி மாறுகிற கோடு பக்கத்துத் தீவு வழியாகத்தான் போகிறதாம். அதைத் தாண்டினால் நேற்று.

மெர்சிக்குத் தமிழ் கொஞ்சம் புரியும், பேச வராது. அதனால் அக்கா இந்துஸ்தானியில் பேசினாள். எனக்கு மொழி தெரியாது. அக்கா முதலில் வேகமாகப் பேசினாள். பிறகு நின்றாள். பிறகு அங்கிருந்து ஒரு சின்னக் குரல், ரொம்ப நிதானமாக, ஒரு வாக்கியம் சொன்னது. அது எனக்கே கேட்டது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ஒரே ஒரு சொல் சொன்னாள். வைத்துவிட்டாள்.

"என்னக்கா?"

"பரவால்ல அம்மா, நீ அப்பாகூட இரு, நான் பாத்துக்கிறேன்னு சொல்லிச்சி." அக்கா கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "சின்னதுலேந்து அந்தப் பொண்ணு எதுக்கும் பரவால்லன்னு சொன்னதே கெடயாது தங்கச்சி. சண்ட போடும், அழும், கேட்டத வாங்கிக்கினுதான் வுடும். இன்னிக்கி பரவால்லங்குது. அங்க அதுக்கு ஒருத்தரும் இல்ல. வரேன்னு சொல்லிட்டேன்."

தெருவைத் தாண்டிப் போய் சூசை முன்னால் நின்றாள். "போறேன்" என்றாள்.

"நல்லது" என்றார் சூசை. எழுந்தார். தலையை ஆட்டினார். வீடு இருக்கிற பக்கம் விட்டு எதிர்ப்பக்கம் நடக்கத் தொடங்கினார். என் கணவர் பின்னாலேயே போனார். சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் இருவரும் திரும்பினார்கள். "அவ போவமாட்டான்னு நெனச்சேன் பையா. அந்தத் தைரியத்துலதான் போ போன்னேன்" என்றாராம், துறை ஓரத்தில் நின்றுகொண்டு.

அதற்குப் பிறகு அவர் ரொட்டி தேய்க்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை. ஆனால் இருவரும் வெளியே போவதை மட்டும் நிறுத்தவில்லை. ஒரு நாள் படகுகளைப் பார்த்துக்கொண்டே இருட்டும் வரை உட்கார்ந்தோம். ஒரு நாள் சந்தையில் அக்கா சூசைக்கு இரண்டு பனியன் எடுத்தாள். நிறத்துக்காக அரை நாள் வழக்காடினார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் அக்கா அந்தக் கோட்டைப் போட்டுப் பார்த்தாள். முற்றத்து வெயிலில், வெறும் காலோடு, கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டு நின்றாள். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ சிரித்தார்கள். சூசை சிரிக்கவில்லை. கிட்டே போய்க் காலரைச் சரிசெய்தார். "நல்லாத்தான் கீது" என்று சொல்லிவிட்டுக் கோழிக்குத் தீனி போடப் போய்விட்டார்.

*

அக்காவும் எங்களோடு சுவாவுக்கு வருவதாக ஏற்பாடு. சூசை துறையோடு நின்றுவிடுவார். வழியனுப்பி அழ வைக்கக் கூடாது என்று அவரே சொல்லியிருந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏணி வரை வந்தார். எங்களை ஏற்றினார். பெட்டியை உள்ளே வைக்க அவரும் ஏறினார். வைத்தார். அங்கேயே நின்றார். கப்பல்காரன் "யாராவது இறங்க வேண்டுமா?" என்று கத்தினான்.

"எறங்கு மெர்சி அப்பா" என்றாள் அக்கா.

"சுவா வரைக்கும்தான்" என்றார் சூசை. கையில் ஒரு துணிப்பைகூட இல்லை. "திரும்பற கப்பல்ல வந்துடறேன். கோழிய மெரே பாத்துக்கும்." அப்படியானால் மெரேயிடம் முன்பே சொல்லி வைத்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சுவாவில் என் மகன் வீட்டில் தங்கினோம். அவன் சட்டை சூசைக்குத் தொளதொளவென்று இருந்தது. மறுநாள் சவுசவு திரும்புகிற கப்பல் போனது. சூசை அதில் ஏறவில்லை. விமானம் தீவின் மறுகோடியில் இருக்கிற நாந்தியிலிருந்து. காலையில் மகன் காரை எடுத்தபோது முன்னிருக்கையில் சூசை உட்கார்ந்திருந்தார். "நாந்தி எப்பிடி இருக்குன்னு பாத்து ரொம்ப நாளாச்சி" என்றார். வழியெல்லாம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். சின்ன ரயில்கள் கரும்பைச் சுமந்துகொண்டு சாலையோடு கூடவே வந்தன; சூசை ஒவ்வொன்றையும் பின்னால் திரும்பி அக்காவுக்குக் காட்டினார், அவள் பிறந்ததிலிருந்து பார்க்காததைப் போல.

விமான நிலையத்தில் முதலில் கதவு வரைக்கும் என்றார். பிறகு பெட்டி எடை போடுகிற இடம் வரைக்கும். அங்கே என் மகன் அக்காவுக்கு விளக்கினான்: "இன்னைக்குச் சாயங்காலம் கிளம்பி, அங்க இன்னைக்குப் பகல்லயே போய் இறங்கிடுவீங்க."

சூசை அதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். "பொறப்படறதுக்கு முன்னாடியே போயி சேந்துடுவா?"

"கணக்குப்படி அப்படித்தான்."

"அப்ப இந்த நாளு அவளுக்கு ரெண்டு தடவ வரும்" என்றார். கொஞ்சம் யோசித்து, "எனக்கு ஒரு தடவதான்" என்றார்.

கண்ணாடிக் கதவு வந்தது. அதற்கு மேல் பயணச்சீட்டு இல்லாதவர்கள் போக முடியாது. இருவரும் கட்டிக்கொள்ளவில்லை, அந்தப் பழக்கம் அவர்களுக்கு இல்லை. அக்கா அவர் நெற்றியில் கட்டைவிரலால் ஒரு சிலுவை போட்டாள். "புள்ள நடக்கிற வரைக்கும்தான்" என்றாள். உள்ளே போனாள். திரும்பிப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. என் கண்ணாடி நனைந்திருந்தது.

சூசை அந்தக் கதவைத் தொட்டுக்கொண்டே நின்றார். காவலர், ஃபிஜிய இளைஞர், தள்ளி நிற்கச் சொல்ல வந்தவர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். விமானம் போன பிறகுதான் சூசை எழுந்தார்.

*

நாங்கள் ஊர் திரும்பி, கார்த்திகை, தை என்று நாள் ஓடியது. மகன் பேசும்போதெல்லாம் கேட்பேன். பெண் குழந்தை பிறந்தது. நடக்கத் தொடங்கியது. அதற்குள் மெர்சி வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். அக்காவால் கிளம்ப முடியவில்லை. சூசை காகிதம் நின்ற இடத்திலேயே நின்றது. ஒரு வருடம் என்றது இரண்டு ஆயிற்று. இனி வரமாட்டாள் என்று என் கணவர் ஒரு நாள் சொல்ல, நான் அவரோடு அன்று முழுக்கப் பேசவில்லை.

இரண்டாவது வசந்தமும் முடிகிற சமயத்தில் மகன் கூப்பிட்டான். அன்னம்மா அக்கா வந்துவிட்டாள். மருமகன் வீட்டார் பக்கமிருந்து ஒருவர் குழந்தைக்குத் துணையாக வந்து சேர்ந்ததும் மறு வாரமே விமானம் ஏறிவிட்டாளாம். சூசை முந்தின நாளே சவுசவுவிலிருந்து வந்து இவனோடு நாந்திக்குப் போயிருக்கிறார்.

"என்னடா பேசிக்கிட்டாங்க? அழுதாங்களா?" என்று கேட்டேன்.

"அழவெல்லாம் இல்லம்மா. அந்தம்மா வெளிய வந்து பெட்டிய அவர் கையில குடுத்தாங்க. 'ரொம்ப கனம்'னு அவர் சொன்னாரு. 'கனடாவுலேந்து நான்தான் தூக்கியாந்தேன்'னு அவங்க சொன்னாங்க. அப்புறம் என் கார்ல வரமாட்டோம், பஸ்லதான் போவோம்னாங்க. சுவாவுக்கு எந்தப் பக்கமா சுத்திப் போற பஸ்சுன்னு ரெண்டு பேருக்கும் தகராறு. தெக்கால போனா சீக்கிரம்ங்கிறாரு அவரு. வடக்கால போனாத்தான் லவுதோக்கால எறங்கி எறா வாங்கலாம்ங்கிறாங்க அவங்க. நடு ரோட்டுல நின்னுக்கிட்டு ஒரே சத்தம். டாக்ஸிக்காரங்க எல்லாம் வண்டிய நிறுத்திட்டு வேடிக்க பாக்குறாங்க."

அவன் சிரித்தான். பிறகு சொன்னான்:

"இந்த ஊருக்கு வந்து இத்தனை நாள்ல, தெருவுல தமிழ் அவ்வளவு சத்தமா கேட்டது அன்னைக்குத்தாம்மா."